புள்ளி வைத்த கோப்பு

யுஎஸ்பி துளையை அடைத்துவிட்டார்கள்.
மின்னஞ்சல் காலையிலேயே செத்துப்போனது.
ஐந்து மணிக்குள் மடிக்கணினியை
ஆறாம் மாடியில் ஒப்படைக்க வேண்டும்.
இப்போது மூன்று நாற்பது.

பையில் பெஸ்காம் பில் இருந்தது, கட்டாதது.
அதன் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.

கம்பெனியின் நிரல் எதுவும் எனக்கு வேண்டாம்.
அது அவர்களுடையது, நன்றாக இருக்கட்டும்.
எனக்கு வேண்டியது
பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஒரு கோப்பு.
மெய்யின் தலையில் வைத்தால் உயிர் கழன்றுகொள்ளும்,
கோப்பின் முன்னால் வைத்தால் உருவம்.
பட்டியல் கேட்டால் அது வராது.
ஆனால் கறுப்புத் திரை விழிக்கும் ஒவ்வொரு காலையும்
முதலில் படிக்கப்படுவது அதுதான்.

எட்டு வருடம். நூற்றுப் பன்னிரண்டு வரி.

முதல் வரி என் பெயர்.
எட்டு எழுத்துக்குமேல் இடமில்லை என்று
சேர்ந்த அன்றே வெட்டினார்கள்.
'மங்கைய' என்று அந்தரத்தில் நின்றது.
மினுக்கும் குறிக்கு முன்னால்
மங்கையற்கரசி என்று முழுசாக வரவைக்க
ஒரு மதியச் சாப்பாடு போனது.

பிறகு என் கட்டளைகள்.
பட்டியலுக்கு 'பாரு'.
நிற்கும் இடம் தெரிய 'எங்க'.
கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெற 'ஐயோ'.
மூன்று புள்ளி தட்டினால் இரண்டு படி மேலே ஏறும்;
பக்கத்தில் 'ஆய்தம்' என்று குறிப்பு எழுதியிருந்தேன்,
அந்தத் தளத்தில் யாருக்கும் புரியாத நகைச்சுவை.

'பாரு'வுக்கு அடியில் 'நோடு'.
அது தன்மயி ஹெக்டே எழுதியது.
சர்வர் படுத்துக்கொண்ட ஒரு டிசம்பர் இரவு
என் நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு தரம் 'நோடு' என்று தட்டினாள்.
அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது, இரண்டு தரமும்.
என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டு
வேலையைப் பார்த்தாள்.
மார்ச்சில் அவளை அனுப்பினார்கள்.
அதற்கப்புறம் என் விரலும் நோடு என்றுதான் தட்டுகிறது.

என் விரல் எப்போதும் அவசரக் குடுக்கை.
எழுத்து இடம் மாறினாலும் சரியாக எடுத்துக்கொள் என்று
அதற்காகவே நான்கு வரி.
வேறு யாரும் என்னை இவ்வளவு பொறுத்ததில்லை.

நாற்பதாவது வரி எனக்கே விளங்கவில்லை.
மேலே என் குறிப்பு: 'இதைத் தொடாதே'.
தேதி கிடையாது, காரணம் கிடையாது.
ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.
மறுநாள் பயத்தில் திரும்பப் போட்டேன்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

எடிட்டரின் கோப்பு தனி.
எஸ்கேப் விசை சுண்டுவிரலுக்கு எட்டாததால்
ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால்
தப்பித்துவிடலாம் என்று ஒரு வரி.
அதற்கு மட்டும் பில்லின் ஓரத்தில் இடம் இருந்தது.

கம்பெனி சர்வர்களுக்குப் போகும் பதினேழு வரிகளை விட்டேன்.
அந்தக் கதவுகள் இனி யாருக்கோ.

ஆறாம் மாடியில் லோகேஷப்பா
"சார்ஜர்?" என்று மட்டும் கேட்டான்.
கொடுத்தேன்.

500டி பஸ் பெள்ளந்தூரில் முக்கால் மணி நேரம் நின்றது.
ஜன்னல் மூடாது, மழை மூடாது.
பில்லை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அகராவில், அறையில்,
தங்கையின் பழைய மடிக்கணினியில்
எனக்கென்று புதிதாக ஒரு கணக்கு திறந்து
வரிவரியாகத் தட்டினேன்.
நேர் மேற்கோள், சாய்ந்த மேற்கோள்
இரண்டும் என் பேனாவுக்கு ஒன்றாகவே இருந்திருக்கின்றன.
எங்கோ திறந்த மேற்கோள் ஒன்று மூடப்படவில்லை,
கோப்பின் கடைசிவரை தேடிவிட்டேன் என்றது திரை.
பதினொன்றரைக்குக் கண்டுபிடித்து மூடினேன்.

மங்கையற்கரசி,
பக்கத்தில் மினுக்கும் குறி.

நோடு என்று தட்டினேன்.
பதிலுக்கு ஒரு வரியும் வரவில்லை.
புது வீடு, ஒரு சாமானும் இறக்கவில்லை.
இருப்பதெல்லாம் புள்ளி வைத்தது.

பில்லைத் திருப்பிப் பார்த்தேன்.
எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய்.
கடைசித் தேதி நாளை.